டப்பாவைக் கழிச்சு எடை போடுங்க

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறாரு... கவலைப்படாதீங்கண்ணே, முடிச்சிடுறேன். கார்டு, வட்டின்னு நான் பேசப் பேச பின்வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விட்டாச்சு. அவங்களுக்காக ஒரு குட்டிக் கதை.

அருப்புக்கோட்டையில சவுந்தரபாண்டின்னு ஒருத்தர், மிட்டாய்க்கடை வச்சிருக்காரு. அவருக்கு ஒரு பெருமை உண்டு. என்ன பெருமை? சில கடையில அல்வாவை டப்பாவோட எடை போடுவாங்க. இவர் போட மாட்டாரு. காலி டப்பாவைத் தராசுல வச்சு, அந்த எடையைக் கழிச்சிட்டுத்தான் அல்வாவை அள்ளுவாரு. "அட்டைக்கு நான் காசு வாங்குறதில்ல"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு கிரெடிட் கார்டுல ஒரு லட்சம் பாக்கி. மாசம் மூவாயிரத்து ஐந்நூறு வட்டி. ஆறு மாசத்துல மக நர்சிங் காலேஜ்ல சேரணும். அதுக்குள்ள இது முடியலைன்னா... அந்தப் பிள்ளை படிப்பு நின்னு போயிரும்.

ஒருநாள் கார்டு ஏஜென்ட் கடைக்கு வர்றாரு. "சார், பழைய பாக்கியைப் புதுக் கார்டுக்கு மாத்திக்குங்க. ஆறு மாசம் அதுக்கு வட்டி கிடையாது. ரெண்டு கார்டு இருக்கு. சாதாக் கார்டுன்னா, மாத்துறதுக்கு ரெண்டாயிரம் கட்டணம். பாயிண்ட் கிடையாது. தங்கக் கலர் கார்டு... மாத்த ஐயாயிரம், வருஷக் கட்டணம் மூவாயிரம். ஆனா ஐயாயிரம் பாயிண்ட் பரிசு சார். மூணு மாசத்துல அம்பதாயிரத்துக்குப் பொருள் வாங்கினாப் போதும்."

நம்மாளு கண்ணு எங்க போச்சு? தங்கக் கலருக்குத்தான் போச்சு.

கல்லாவுல இருந்த சம்சாரம் வேலுமயிலைக் கூப்பிட்டாரு. "வேலு, உன் தம்பி பிரிட்ஜும் டிவியும் வாங்கணும்னான்ல? நம்ம கார்டுல தேய்ப்போம். அவன் காசைக் கையில தந்துடுவான். பாயிண்ட் நமக்கு." பேனாவைத் திறந்துட்டாரு.

நம்ம ஊர்ல இது நடக்கிறதுதானே? சொந்தக்காரங்க சாமானுக்கெல்லாம் நம்ம கார்டைத் தேய்ச்சு பாயிண்ட் சேர்க்கிறது... சிரிக்கிறீங்க. அப்போ நீங்களும் தேய்ச்சிருக்கீங்க.

வேலுமயில் ஏஜென்ட்டைப் பார்த்துக் கேட்டுச்சு. "தம்பி, ஒரு பாயிண்ட்டுக்கு எவ்வளவு காசு?"

"கால் ரூபாய்ம்மா."

"அப்ப ஐயாயிரம் பாயிண்ட்டுக்கு ஆயிரத்து இருநூத்தம்பது. சரி... பிரிட்ஜ் வாங்கினா அந்தக் காசுக்கும் ஆறு மாசம் வட்டி இல்லையா?"

ஏஜென்ட் குரல் இறங்கிருச்சு. "இல்லம்மா... பழைய பாக்கி தீர்ற வரைக்கும், புதுசா வாங்கறதுக்கு அன்னைக்கே வட்டி ஆரம்பிச்சிடும்."

வேலுமயில் புருஷனைப் பார்த்துச்சு. "ஏங்க, அவன் என் கூடப்பிறந்தவன், எனக்குத் தெரியாதா? போன வருஷம் நம்ம கார்டுல வாங்கிட்டுப் போன மிக்ஸிக்கே இன்னும் காசு வரல."

அந்தம்மா ஒரு காலி டப்பாவை எடுத்து தராசுல வச்சுது. "அல்வாவுக்கு இதைக் கழிக்கிறீங்க. கார்டுக்கு மட்டும் ஏன் டப்பாவோட எடை போடுறீங்க? எட்டாயிரம் டப்பா... உள்ள ஆயிரத்துச் சொச்சம் அல்வா."

சவுந்தரபாண்டி பேனாவை மூடிட்டு, சாதாக் கார்டுக்குக் கையெழுத்துப் போட்டாரு. கட்டணத்தோட ஒரு லட்சத்து ரெண்டாயிரம். வட்டிக்குப் போன காசையும் சேர்த்து மாசம் பதினேழாயிரம், ஒரு மாசம் தவறாம கட்டினாரு. ஆறே மாசத்துல பாக்கி தீர்ந்துச்சு. பிள்ளை இப்ப நர்சிங் முதல் வருஷம். மச்சினன்? இன்னும் பிரிட்ஜ் வாங்கல.

இதை ஏன் சொல்றேன்? பாக்கியை மாத்துங்க, நல்லதுதான். ஆனா நீங்க கார்டு மாத்துறது கடனை அடைக்கவா, பரிசு வாங்கவா? அடைக்கத்தானே? அப்போ முதல்ல கட்டணத்தைக் கேளுங்க, பாயிண்ட்டை ரூபாயாக்கிப் பாருங்க. அதுக்காக எவ்வளவு செலவு பண்ணச் சொல்றாங்க, அந்தச் செலவுக்கு வட்டி எப்ப ஆரம்பிக்குதுன்னு கேளுங்க.

இங்க உட்கார்ந்திருக்கிற நீங்க எல்லாரும் வியாபாரிங்க. கடையில ஒரு கிராம் ஏமாற மாட்டீங்க. கையெழுத்துப் போடும்போதும் அதே தராசைக் கூட வச்சுக்குங்க.