திலகவதி நேர்ந்துவிட்ட பொலிகிடா

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் தம்பி செந்தமிழ்செல்வன் அவர்களே, தாயைப் பறிகொடுத்துவிட்டு மேடையில் அமர்ந்திருக்கும் அருள்முருகன் அவர்களே, பட்டியை வீட்டாரிடம் விட்டுவிட்டுக் கீரப்பாளையம் வந்து சேர்ந்திருக்கும் ஆடு வளர்ப்போரே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

சிதம்பரத்தில் கறிக்கடை வைத்திருக்கும் தனக்கோடிக்கு இந்த மேடையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆட்டுக்காரன் ஆட்டைப் புகழ்வது பெரிதா? கறிக்காரன் புகழ்ந்தால்தான் அது ஆடு.

அருள்முருகனின் தாய், நம் செம்மறிச் சங்கத்தின் தலைவி திலகவதி அம்மையார் இன்று நம்மோடு இல்லை. எனக்கு அழுகை வருகிறது, மறைக்கவில்லை. ஆனால் தோற்றவருக்கு அழுவது வேறு, வென்றுவிட்டுப் போனவருக்கு அழுவது வேறு. திலகவதி வென்றுவிட்டுப் போனவர்.

எதில் வென்றார்? நம் ஊர்ச் செம்மறியைப் புத்தகத்தில் சென்னைச் சிவப்பு என்று எழுதுகிறார்கள். நமக்கு அது செவலை. கம்பளி கிடையாது, குட்டையான சிவப்பு முடிதான். சிலதுக்கு நெற்றியில் வெள்ளை. நம் பாட்டன் காலத்திலிருந்து அறுத்த வயலில் தாள் மேய்ந்து, இரவில் அதே வயலில் கிடை கிடந்து, நெல்லுக்கு உரம் போட்ட ஆடு. வெயில் தாங்குமா? தாங்கும். ஐப்பசி மழை? உதறிவிட்டு நிற்கும். கறி? அதை என் கத்தியைக் கேளுங்கள். கொழுப்பு ஜாஸ்தி இல்லை, ருசிக்குக் குறைவில்லை.

அப்பேர்ப்பட்ட ஆடு ஏன் வருடா வருடம் சிறுத்தது? ஆடி பிறந்தால், பக்ரீத் வந்தால், பட்டியில் எது பெருசோ அதை விற்றோம். விலைபோகாத நோஞ்சானைப் பெட்டைகளோடு பொலிக்கு விட்டோம். நோஞ்சானுக்கு யானையா பிறக்கும்? கடைசியில், "இனமே கெட்டுப்போச்சு, வெளியூர்க் கிடா வாங்கணும்" என்றோம். தப்பு ஆட்டின் மேலா?

திலகவதிக்கு இது உறைத்தது. பெரிய கிடாயை விற்காதீர்கள் என்று சங்கத்தில் எத்தனையோ முறை சொன்னார். யார் கேட்டார்கள்? ஒரு வருடம் ஆடிக்கு முன்னால் அவர் பட்டிக்குப் போனேன். வாட்டசாட்டமான கிடா ஒன்று நின்றது. விலை கேட்டேன்.

"அது அய்யனாருக்கு நேர்ந்துவுட்டது மாமா" என்றார்.

சாமிக்கு நேர்ந்த கிடாயில் யார் கை வைப்பார்? திரும்பிவிட்டேன். ஆடி போனது, கிடா மேய்ந்தது. அடுத்த ஆடியும் போனது, கிடா அப்போதும் மேய்ந்தது. பட்டியில் பிறந்த குட்டியெல்லாம் அதன் சாயல். பொறுக்க முடியாமல் சங்கத்திலேயே கேட்டுவிட்டேன்.

"சாமிக்குச் சொன்னத இப்பிடி வெச்சிருக்கியே திலகா, சாமி குத்தம் ஆவாதா?"

"ஆடியில வெட்டுறேன்னுதான் சொன்னேன் மாமா. எந்த ஆடின்னு நானும் சொல்லல, சாமியும் கேக்கல."

சங்கமே சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் அவரவர் பட்டியில் பெரிய கிடாயை நேர்ந்துவிட்டார்கள். சங்கத் தீர்மானத்துக்கு அசையாதவர்கள் அய்யனாருக்கு அசைந்தார்கள். வெளியூர்க் கிடா தேடி அலைந்த நம்மிடம், இன்று திட்டக்குடியிலிருந்து வந்து பொலிகிடா கேட்கிறார்கள். காட்டுமன்னார்கோயில் வரைக்கும் போய்ப் பாருங்கள், வயலெல்லாம் செவலை. இதற்குப் பெயர் வெற்றி இல்லையென்றால் வேறு எதற்கு?

ஆனால் இன்று காலை, போட்ட மாலை வாடுவதற்குள், ஒரு வியாபாரி திலகவதி வீட்டு வாசலில் வந்து நின்றார். "நேர்ந்துவுட்ட அம்மாவே போயிட்டாங்க. கிடாய என்கிட்ட குடுத்துடு தம்பி" என்றார். அருள்முருகன் கயிற்றை அவிழ்த்தான், கிடாயைப் பெட்டைகளுக்கு நடுவில் விட்டான், சட்டையை மாட்டிக்கொண்டு இந்தக் கூட்டத்துக்கு வந்துவிட்டான்.

பிள்ளை தன் பங்கைச் செய்துவிட்டான். என் பங்கை இந்தச் சபையில் சொல்கிறேன். பட்டியிலேயே பெரிய, முதல் கிடாயை விற்கக் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும், என் சொந்த மச்சானாகவே இருந்தாலும், கடை வாசலோடு திருப்பி அனுப்புவேன். ஆடிக்கும் பக்ரீத்துக்கும் இரண்டாவது கிடா போதும், அதுவும் ருசிக்கும்.

திலகா, நீ போய் வா அம்மா. நம்ம ஊரில் இனிமேல் பெருசு மேயும்.