மூச்சுவிட்ட இறக்கை

யாழ்ப்பாணத்து வெயிலுக்கு றப்பர் தாங்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. சைக்கிள் ரியூப்பே சித்திரையில் வெடித்துப்போகும். என் விமானத்தின் இரண்டு இறக்கைகளின் முன்விளிம்பிலும் ஒட்டியிருந்த றப்பர் குழாய்களை மூன்று வருடம் ஓலைத் தட்டி போட்டு மூடி, வெடித்த இடத்துக்கு ஒட்டுப்போட்டுக் காப்பாற்றினேன். நான் பொறுமைசாலி. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

விமானத்தை ஒரு தோட்டத்துரையிடம் வாங்கினேன். அவர் அதைப் பனிக்காலத்தில் லண்டனிலிருந்து மலைகளுக்கு மேலால் ஓட்டி வந்தவர். அந்த உயரத்தில் இறக்கையில் பனிக்கட்டி பிடிக்குமாம். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பிடியை இழுத்தால் குழாய்கள் காற்றால் வீங்கிச் சுருங்கி அதை உடைத்துக் கொட்டும். இங்கே ஏது பனிக்கட்டி? ஆனாலும் தொண்டைமானாற்றின் வற்றிய வெளியில் விமானத்தை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பிடியை இழுத்துக் காட்டுவேன். இறக்கை மூச்சுவிடுகிறது என்று சனம் வாயைப் பிளந்து நிற்கும்.

என் மனைவியின் தம்பி மார்க்கண்டு மட்டும் சிரித்தான்.

"வேர்த்து வழியிற ஊரிலை ஐஸ் உடைக்கிற மிசினோ அத்தான்?"

அன்றைக்கே எனக்கு 'ஐஸ்' என்று பட்டம் வைத்துவிட்டான். எங்கள் ஊரில் ஒரு பட்டம் ஒட்டினால் பேரப்பிள்ளை காலத்திலும் கழலாது. உங்களுக்குத் தெரியாததா?

எனக்குக் கோபம் வரவில்லை. என் மகள் பராசக்தியைப் பெண் பார்க்க அச்சுவேலியிலிருந்து ஆட்கள் வந்தபோதும் வரவில்லை. சந்தியில் என் பெயரைச் சொல்லி, சீவரத்தினத்தின் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகுதான், "ஓ, ஐஸ் வீடோ?" என்று வழி காட்டினார்களாம். அந்தப் பெயர் வந்த கதையை மார்க்கண்டு தேத்தண்ணியோடு விளக்கமாய்ச் சொன்னான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் போகும்போது ஒன்று சொன்னாள்.

"எங்கடை பேரப்பிள்ளையளையும் ஐஸ் எண்டுதானே கூப்பிடுவினம்."

அவர்கள் திரும்பி வரவில்லை. உள்ளே என் பிள்ளை காப்புகளைக் கழற்றி வைத்த சத்தம் கேட்டது. மார்க்கண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த கிழமையே அவனுக்கு விமானம் ஓட்டப் பழக்கத் தொடங்கினேன். அந்த வாயை எட்டு மாதம் பக்கத்தில் வைத்திருந்தேன், ஐயா. தனியே ஏறி இறங்கும் அளவுக்கு நன்றாகப் பழக்கினேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. முன்பொருநாள் மூவாயிரம் அடியில் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிடியை இழுத்துப் பார்த்திருந்தேன். குழாய் வீங்கியதும் இறக்கையின் வடிவம் கெட்டு, விமானம் கல்லுப் போல விழுந்தது. கீழே நிறைய இடம் இருந்தபடியால் நிமிர்த்திவிட்டேன்.

சந்நிதிக் கோயில் தேர்த் திருவிழா முடிந்து சனம் வெளியோரம் கூடியிருந்தது. மார்க்கண்டு தனியே ஏறினான்.

"இறங்கேக்கை நிலத்துக்குக் கிட்ட வந்து பிடியை இழு தம்பி. இறக்கை மூச்சுவிடுறதைச் சனம் பாக்கட்டும்" என்றேன்.

"ஓம் அத்தான், உங்கடை ஐஸை இண்டைக்கு நானே உடைச்சுக் காட்டுறன்."

எண்பது அடியில் இழுத்தான். சொன்னால் சொன்னபடி செய்கிறவன். இறக்கை ஒரே ஒருமுறை மூச்சுவிட்டது.

நீங்கள் விபத்து என்று எழுதிவிட்டீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். மனச்சாட்சி என்று நினைக்க வேண்டாம். அவனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நேற்று அவன் மனைவி இராசமலர் வீட்டுக்கு வந்தாள்.

"ஐஸ் அண்ணை, நீங்கள் இல்லாட்டில் நாங்கள் என்ன செய்திருப்பம்" என்று அழுதாள்.

வாய்ப்பழக்கம், பாவம். அவன் போயும் பட்டம் போகவில்லை; இனிக் கொலைகாரன் என்றாவது மாற்றிக் கூப்பிடட்டும். அவள்மீதும் எனக்குக் கோபமில்லை. விமானம் மட்டும் உடையாமல் இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன், ஐயா. அவளுக்கும் ஓட்டப் பழக்கியிருப்பேன்.