ரெண்டு ஆள் வேலை

— விட்டுடாதே சுஹாஸ். நான் நட்ட மூடிட்டேன்னு சொல்ற வரைக்கும் பைக் லீவரை அமுக்கியே பிடி.

— பிடிச்சிட்டுதான் இருக்கேன். இல்ல, நான் என்ன சொல்றேன்னா, அஞ்சு நிமிஷம்னு கூப்பிட்ட. கார் வாசல்ல ஓடிட்டிருக்கு.

— ரெண்டு ஆள் வேலைன்னும் சேர்த்துதான் சொன்னேன். இதோ பாரு, டியூப்ல குமிழ் குமிழா வருது. உள்ள ஏர் இருக்கிற வரைக்கும் பிரேக் பிடிக்காது. ம், மூடிட்டேன். விடு. மறுபடி அமுக்கு, மெதுவா.

— விஷா, இருட்டறதுக்குள்ள நான் அமரிலோ ஊரத் தாண்டணும்.

— தாண்டு, யாரு வேணாம்னா? வேகமா அடிக்காத, உள்ள நுரை கட்டிக்கும்.

— சரி, சரி. அமுக்கியாச்சு.

— திறக்கிறேன்.

— லீவர் உள்ள போகுது விஷா.

— போகத்தான் செய்யும், ஆயில் இந்தப் பக்கம் வருதுல்ல. மூடிட்டேன். விடு.

— எப்படித்தான் இந்த வெக்கைல கராஜ்ல உக்காந்திருக்கியோ. எனக்கு இப்பவே சட்டை நனைஞ்சாச்சு.

— பழகிடுச்சு. எடிசன்லேருந்து இங்க வந்தப்ப உனக்கு ஆபீஸ் இருந்துது. எனக்கு பொண்டாட்டிக்குக் குடுக்கற ஹெச்-ஃபோர் விசா, வேலைக்குப் போகக் கூடாது. பகல் பூரா சுவத்தப் பாத்துட்டு உக்கார முடியல, அதான் ஓடாத பைக்கா பாத்து வாங்கிப் பிரிச்சுப் போட்டேன்.

— நான்கூடத் திட்டினேன், கார் நிறுத்த இடமில்லன்னு.

— இன்னிலேருந்து நிறைய இடம் இருக்கும்.

— ஆரம்பிக்காத விஷா.

— நான் எங்க ஆரம்பிச்சேன்? அவ்ளோ தூரத்துல பிளசன்டன் வேலைக்கு சைன் பண்ணிட்டு, அதுக்கப்புறம் வந்து என்கிட்ட சொன்னது நீ.

— இல்ல, நான் என்ன சொல்றேன்னா, லே-ஆஃப் ஆயி உக்காந்திருந்தேன். எனக்கு வேலை இல்லன்னா விசா இல்ல. விசா இல்லன்னா உன் லேப் வேலையும் இல்ல. கிடைச்சத பிடிச்சுக்கிட்டேன். உன்னையும் வான்னுதானே சொன்னேன்?

— சென்னைல இருந்தப்பவும் வான்ன, வந்தேன். எடிசன்ல இருந்தப்பவும் வான்ன, வந்தேன். இப்பதான் வேலை பாக்க பர்மிட் வந்து, யுனிவர்சிட்டில எனக்குன்னு ஒரு மேசை, ஒரு சாவி. சைன் பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— கேட்டிருந்தா?

— வரலேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா நீ கேட்டேங்கறது இருந்திருக்கும். அப்புறம் நீ சொன்ன பாரு ஒண்ணு.

— கோவத்துல வந்துது.

— என்ன சொன்ன? நீயே சொல்லு.

— இதுக்கு நாம சேர்ந்தே இருக்க வேணாம்னேன்.

— அமுக்கு. திறக்கிறேன். என்னது இது, சுஹாஸ்? திறந்திருக்கும்போதே விட்டுட்டியா?

— கை வழுக்கிடுச்சு.

— அத்தனையும் ஏர உறிஞ்சிடுச்சு. போ, மொதல்லேருந்து.

— சாரி. மேல டப்பால ஆயில் கம்மியாயிடுச்சு, ஊத்தவா?

— ஊத்து. டேங்க் மேல துணி இருக்கான்னு பாத்துட்டு ஊத்து, ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட்டத் தின்னுடும்.

— புது பாட்டில்தானே இது, பாதிக்கு மேல காலியா இருக்கே. டியூப்ல வர்றதும் பளிச்சுனு இருக்கு. டிகாக்ஷன் கலர்ல வரும்னு சொல்லுவியே?

— பழசெல்லாம் முன்னாடியே எடுத்துட்டேன். ரப்பர்லாம் மாத்திட்டேன். பிஸ்டன்ல இருந்த துருவத் தேய்ச்சுத் தேய்ச்சு நகம் போச்சு. சும்மா கேள்வி கேக்காம ஊத்து.

— இரு, வந்துடறேன்.

— எங்க?

— கார ஆஃப் பண்ணிட்டு.

— சீக்கிரம் வா. ஆயில நானே ஊத்திடறேன்.

— ம், வந்துட்டேன். அம்மா போன் பண்ணியிருக்காங்க, கிளம்பியாச்சான்னு.

— அவங்ககிட்ட என்னன்னு சொல்லி வச்சிருக்க?

— ஆறு மாச ப்ராஜெக்ட்னு.

— எங்கம்மாகிட்ட நானும் அதான் சொன்னேன். பேசி வச்சுக்காமலே ஒரே பொய்.

— அவ்ளோ ஒத்துமை.

— சிரிக்காத. எனக்கு அழுகை வருது. அமுக்கு.

— அமுக்கியாச்சு. கார நான் எடுத்துட்டுப் போறேனே, திங்கக்கிழமை எப்படி லேபுக்குப் போவ?

— இதுலதான்.

— நானும் நீயும் பிடிச்ச இந்த பிரேக்க நம்பி ஃப்ரீவேல போகப் போறியா?

— அதான் ஒழுங்காப் பிடின்னு தலையால அடிச்சுக்கறேன். திறக்கிறேன். மூடிட்டேன். விடு.

— அமுக்கியாச்சு.

— திறக்கிறேன். குமிழே இல்ல. மூடிட்டேன். இப்ப அமுக்கிப் பாரு.

— கல்லு மாதிரி நிக்குது.

— வண்டிய உருட்டிட்டுப் பிடி.

— பிடிக்குது விஷா. இம்மி நகரல.

— அப்ப முடிஞ்சுது. சோப்பு போட்டுக் கைய கழுவிட்டுக் கிளம்பு.

— விஷா.

— அமரிலோ தாண்டணும்னியே.

— ஷெல்ஃப்ல, அந்த பெயின்ட் டப்பாக்குப் பின்னால வேக்குவம் பம்ப் இருக்கு. உன் பர்த்டேக்கு நான் வாங்கினது. ஒரு ஆளே ஏர் எடுக்கலாம்னு அட்டைல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ரெண்டு ஆள் வேலைன்னு நீ கூப்பிட்டப்பவே எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சும் ஏன் வந்து பிடிச்ச?

— நீ கூப்பிட்ட. இந்த மாசம் பூரா நீ என்னக் கூப்பிடவே இல்ல. ஏன், பம்ப் ரிப்பேரா?

— இல்ல. நல்லாதான் வேலை செய்யுது. காலைல நீ பெட்டி கட்டிட்டு இருந்தப்ப அத வச்சு நானே முடிச்சுட்டேன் சுஹாஸ், லீவர் இதே மாதிரி கல்லா நின்னுது. நீ டிக்கிய மூடற சத்தம் கேட்டப்புறம்தான் நட்டத் திறந்து காத்த உள்ள விட்டேன்.