இரண்டு போன்களில் ஒரு நாட்காட்டி

“நாளைக்கு என்னா வேலைன்னு போனுக்கு யாரு ஆயா சொல்றாங்க?” என்று காவியா ஒருமுறை என்னைக் கேட்டாள். பக்கத்து வீட்டுப் பச்சியப்பண்ணாவின் பேத்தி. விடுமுறைக்கு ஓசூரிலிருந்து வந்திருந்தாள். நான்தான் சொல்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை.

மாரண்டஹள்ளியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். கணவர் இறந்த பிறகு என் வீட்டில் கேட்கும் குரல் என் செபம் மட்டும்தான். பச்சியப்பண்ணாவும் மனைவியை இழந்தவர். ஒரு கண் சின்ன வயதிலேயே மாடு முட்டிப் போயிற்று. மற்றக் கண்ணில் புரை விழுந்தபோது அவர் மகள் சுசித்ரா என்னிடம் வந்தாள்.

“அத்தே, அப்பாவோட ஆஸ்பத்திரி தேதி, மருந்து எல்லாம் நீங்க கொஞ்சம் பாத்துக்கறீங்களா? எனக்கு ஷிப்டு மாறிக்கிட்டே இருக்குது.”

அதற்கேற்ற செயலியைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் ஆயிற்று. ஒன்றில் முடித்த வேலைகள் கோடு விழுந்து மறைந்தன. மாலையில் திரை வெறுமையாக இருந்தது. இன்னொன்று என் இலட்சியம் என்ன என்று தினமும் கேட்டது. கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் நாட்காட்டியை எடுத்தேன். ஓசூரில் சுசித்ரா எதையாவது எழுதினால் இங்கே என் போன் அதிரும். அதற்காகவே சமைக்கும்போதும் அதை இடுப்பில் செருகிக்கொள்வேன்.

ஒருநாள் அதிர்ந்தது. புரை அறுவை சிகிச்சைக்குக் குறித்திருந்த தேதிக்கு அடுத்த நாளின் கட்டத்தில் சுசித்ரா எழுதியிருந்தாள்: அப்பா ஓசூருக்கு. இனி எங்களோடு.

அங்கே சுசித்ராவும் அவள் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்றாவது மாடியில் பகலெல்லாம் அவர் தனியாக இருப்பார். அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

செபமாலை சொல்லி முடித்துவிட்டு மருத்துவமனைக்குப் பேசினேன். நெருங்கிய உறவில் சாவு, தேதியைத் தள்ளிவையுங்கள் என்றேன். நாட்காட்டியில் இப்படி எழுதினேன்: புரை இன்னும் முத்தவில்லையாம். பொங்கல் கழித்து வரச் சொன்னார்கள்.

முத்தினால்தான் புரையை எடுக்கலாம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். சுசித்ரா கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினாள்.

“தக்காளியக் காயாவே பறிச்சா மண்டியில எவன் தொடுவான்?” என்று பச்சியப்பண்ணா சிரித்தார். “பழுக்கட்டும் வுடும்மா. அதுவரிக்கும் உன் கொள்ளு ரசத்த குடிச்சிக்கிட்டு கெடக்கறேன்.”

பொங்கலுக்குப் பிறகு மருத்துவமனைக்கு இன்னொரு சாவு சொன்னேன். மாலையில் அவரைக் கைபிடித்து ஏரிக்கரைவரை நடத்திக்கொண்டு போவேன். அவர் பிடி நாளுக்கு நாள் இறுகியது.

பங்குனியில் ஒரு காலை சுவரைத் தட்டினார். “கண்ணுக்குள்ள கொள்ளிக்கட்டைய வெச்சாப்ல இருக்குதும்மா. இன்னிக்கே போலாமா?”

“முத்தறப்போ அப்பிடித்தாண்ணா வலிக்கும்,” என்றேன். ஒத்தடம் கொடுத்தேன். நாட்காட்டியில் அடுத்த வாரத்துக்கு ‘கண் வலி, டாக்டர்’ என்று குறித்தேன். எதையும் நான் மறப்பதில்லை.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். புரையை முத்தவிட்டதால் உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, இனிப் பார்வை வராது என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். சுசித்ரா மாலையில்தான் வந்து சேர்ந்தாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். கண் தெரியாதவரைப் புது இடத்துக்குக் கொண்டுபோக முடியாது, இங்கே என்றால் சுவரெல்லாம் அவருக்குப் பழக்கம் என்றாள். “நீங்க மட்டும் இல்லன்னா என்னா பண்ணியிருப்பேன் அத்தே?”

பச்சியப்பண்ணாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. சின்னச் சின்ன உதவிகளைத்தான் ஆண்டவர் பெரிதாகப் பார்க்கிறார் என்று நம்புகிறவள் நான். நேற்று மீன் குழம்பு வைத்தேன். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, துண்டுகளையெல்லாம் அவர் தட்டில் வைத்தேன். எனக்கு வெறும் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

“நீயும் மீனு போட்டுக்கிட்டியாம்மா?” என்று கேட்டார்.

“போட்டுக்கிட்டேண்ணா,” என்றேன்.

யாரும் பார்க்கவில்லை. அவராலும் முடியாது. அந்தக் கடன் நேற்றோடு தீர்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.