இத்தா முடிந்த நாளுக்கான அத்தர்

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது, சார். இருந்தாலும் லிட்டில் இந்தியாவில் என் அத்தர்க் கடைக்கு வருகிறவர்கள், "கோடை வாசனை, கடல் வாசனை இருக்கா பாய்?" என்றுதான் கேட்கிறார்கள். மற்ற கடைகளில் கடல் என்று விற்பதெல்லாம் எலுமிச்சை சோப்பைக் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். அதை முகர்ந்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

ருக்ஸானாவுக்கும் அப்படித்தான். என் நண்பன் ஆரிஃபின் மனைவி. ஒருநாள் கடைக்கு வந்தவர், "நானா, நெசமான கடல் வாசனை ஒண்ணு செஞ்சு தாங்களேன்" என்றார். ஆரிஃப், "இவளுக்கு வேற வேல இல்ல லா" என்று சிரித்தான். அவனோடு அவருக்குப் பொருத்தமில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நானா, அதாவது அண்ணன் என்று அவர் கூப்பிடுவது வெறும் மரியாதைக்குத்தான்.

மார்ச் மாதம் ஆரிஃப் இறந்தான். காலையில் மீன் பிடிக்கப் போனவன் கடற்கரைப் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அதையே சொன்னேன். விடிந்ததிலிருந்து கடையில் இருந்ததாகவும் சொன்னேன். ஜனாஸா அடக்கத்துக்குக் கற்பூரமும் அத்தரும் நான்தான் கொண்டுபோனேன். நல்ல சரக்கு.

ருக்ஸானா இத்தா இருந்தார். கணவனை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் வாசனை பூசக்கூடாது, மறுமணப் பேச்சும் கூடாது. நான் மார்க்கத்தை மீறுகிறவன் இல்லை. அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. கடையில் உட்கார்ந்து கலந்துகொண்டிருந்தேன். உப்பு, பாசி, வெயில் ஏறாத கல்.

இத்தா முடிந்த மறுநாள் மார்சிலிங்கில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மாமியார் ஆமினா பீவி டீ கொடுத்தார். ருக்ஸானா நான் கொடுத்த குப்பியைத் திறந்து முகர்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"இது எந்தக் கடல் நானா?"

தொழில் பெருமை பொல்லாதது, சார். "அந்தப் பாறைதாம்மா. அன்னைக்குக் காலையில அங்க இப்படித்தான் இருந்துச்சு. யாரோ டீசல் வேற கொட்டியிருந்தாங்க. அதையும் ஒரு துளி சேத்திருக்கேன்" என்றேன்.

அவர் குப்பியை மெதுவாக மூடினார். "நீங்க அன்னைக்குக் கடையிலதானே இருந்தீங்க?"

அவர் போலீஸுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆமாம், நான்தான் தள்ளினேன். அவனுக்கு நீச்சல் தெரியாது, எனக்குத் தெரியும். என் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டான். நான் பாறை மேலேயே நின்றேன். அந்த நேரத்தில்தான் வாசனையை நிதானமாகக் கவனிக்க முடிந்தது.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். முகர்ந்ததும் அவர் அழுதார். பிடித்திருந்தால்தானே அழுவார்?