சிக்னல் பெஞ்சு

உங்கள் ஸ்டேஷனில் வைஃபை பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், மேடம். ரைட்டர் அய்யா போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடப்பதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரும்பு, சிக்னலைத் தாண்ட விடாது. பெட்டியைக் கழற்றி எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினால் போதும். மாட்டுகிறவர்கள் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை.

என் பெயர் பகலவன். ஊர் மணிமங்கலம். வல்லம் வடகாலில் கம்பெனிப் பெண்கள் தங்கும் அந்த ஹாஸ்டலில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறவன். பேச்சியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியவர்களில் நானும் ஒருவன். ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் நான்தான். அன்றைக்கே என்னிடம் நீங்கள் கேட்டு எழுதிக்கொண்டீர்கள். மூச்சிரைப்பு வந்தபோது பக்கத்தில் ஆளில்லாததால் நடந்த சாவு என்று கேஸை முடிக்கப்போவதாக வார்டன் கோவிந்தம்மா சொன்னார். அதில் ஒரு விஷயம் தப்பாக இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

அந்தக் கட்டடம் தகரப் பலகைகளை அடுக்கி எழுப்பியது. அறைக்குள் டவர் சிக்னல் வராது. கம்பெனியிலோ போனை வாசல் லாக்கரிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் ஷிப்டு முடிந்து வந்து குளித்ததும் பெண்கள் எல்லாரும் ஊருக்குப் பேசுவது ஹாஸ்டல் வைஃபையில்தான். ஒவ்வொரு மாடி நடையிலும் கூரையில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வெள்ளையாக ஒன்று மாட்டியிருக்கும். அதுதான் ஆக்சஸ் பாயிண்ட். எல்லாவற்றையும் கீழ்த்தளத்தில் என் அறையிலிருந்தே கம்ப்யூட்டரில் இயக்கலாம். எந்தப் பெட்டி எவ்வளவு தூரம் எட்ட வேண்டும், எந்தப் போனைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது, எல்லாம் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் என்ற ஒரு பக்கத்தில் இருக்கும். தெரியாமல் கை வைக்காதே என்று அந்தப் பக்கமே எச்சரிக்கும். என் மேனேஜர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு, மேடம். நெட் ஒழுங்காக வந்தால் நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. நெட் போனால்தான் கதவைத் தட்டுவார்கள். அம்மா போனபிறகு வீட்டிலும் ஆளில்லை. காலையில் படப்பை வழியாக பைக்கில் வருவேன், சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். சில நாட்களில் படுக்கப் போகும்போதுதான் இன்றைக்கு வாயையே திறக்கவில்லை என்று உறைக்கும். தனியாக இருந்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

ஆரம்பத்தில் நான் செய்தது சரியான வேலைதான். மாடிக்கு மாடி பெட்டிகளின் சிக்னல் ஒன்றை ஒன்று அமுக்கிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் பவரைக் குறைக்க வேண்டும் என்பது விதி, குறைத்தேன். கடைசி மாடியான மூன்றாம் மாடியில் கொஞ்சம் அதிகமாகவே குறைந்துவிட்டது. அன்று சாயங்காலம் அந்த மாடிப் பெண்கள் போனும் கையுமாகக் கீழே இறங்கி வந்தார்கள். என் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. அதற்கு நேர் மேலே இருக்கும் பெட்டிதான் கட்டடத்திலேயே நல்ல பெட்டி. பெஞ்சு நிறைந்து தரையிலும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி வீட்டில் சண்டை போட்டாள். நான் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன். அவர்களே அதற்கு சிக்னல் பெஞ்சு என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பேச்சியும் அங்கேதான் வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பேசி முடித்து எழுந்து போகும்போது ஜன்னலில் குனிந்து கேட்டாள்.

"சாப்பிட்டியளா அண்ணாச்சி?"

அவர்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான் அது, எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்று ஓரகடம் சிக்னலில் பைக்கை நிறுத்தியிருந்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கைந்து நாளில் கோவிந்தம்மா வந்தார். "இன்னாப்பா பகலவா, மேல் மாடில நெட்டே வர்லன்னு பொண்ணுங்க கத்திகினு கீதுங்க. இன்னான்னு பாருப்பா" என்றார். பார்த்தேன். அந்த மாடிக்குப் பவரைத் திரும்பக் கூட்டினேன். எல்லாருக்கும் நெட் சரியாகிவிட்டது, பேச்சியின் போனைத் தவிர. அந்த ஒரு போனை மட்டும் பெஞ்சுக்கு மேலே இருக்கும் பெட்டியைத் தவிர வேறு எந்தப் பெட்டியும் சேர்த்துக்கொள்ளாதபடி செய்துவைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவளுக்கு நெட்டே இல்லாமல் பண்ணவில்லை. இறங்கி வந்தால் மற்றவர்களைவிட அவளுக்கு வேகம் அதிகம். அதற்கும் தனியாக ஒரு செட்டிங் இருக்கிறது.

"என்ன அண்ணாச்சி, மெர்சிக்கெல்லாம் கெடைக்கு, எனக்கு மட்டும் கெடைக்க மாட்டேங்கு?" என்று கேட்டாள். மெர்சி அவளுடைய அறைத் தோழி.

"உன் போன்லதாம்மா கோளாறு" என்றேன்.

அவள் அண்ணன் ஊரிலிருந்து புதுப் போன் அனுப்பிவைத்தான். நானே அதை செட் பண்ணித் தருவதாகச் சொல்லி வாங்கினேன். புதுப் போன்கள் நெட்டில் தங்கள் அடையாளத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். அடையாளம் மாறினால் கட்டுப்பாடு பலிக்காது என்பதால் அந்த வசதியை நிறுத்திவிட்டு, இந்தப் போனையும் அதே கட்டுப்பாட்டுக்குள் சேர்த்துவிட்டுக் கொடுத்தேன். "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்றாள். பாவம், நல்ல மாதிரியான பெண்.

சில மாதங்கள் அப்படிப் போயின. என் வாழ்க்கையில் அவைதான் நன்றாக இருந்த மாதங்கள். அவளுக்கு அவ்வப்போது மூச்சிரைக்கும். கம்பெனியில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் புகை அவளுக்கு ஆகவில்லை. படியேறப் பயந்து பெஞ்சிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள், மருந்தை வாயில் அடித்துக்கொள்வாள். அவள் எதிரில் டீ குடிக்க வேண்டும் என்று நான் பிளாஸ்க் வாங்கினேன். அவள் ஊருக்குப் பேசுவது ஜன்னல் வழியே காதில் விழும். நானாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதில்லை, விழுவதைத் தடுக்கவும் இல்லை. அவள் அம்மாவின் சர்க்கரை, அண்ணன் கொண்டுவரும் மாப்பிள்ளைப் பேச்சு, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஏதோ ஒரு குடும்பத்துக்குள் எனக்கும் இடம் இருந்தது போலிருந்தது.

தப்பு நடந்தது ஒரே ஒரு வார்த்தையில். ஒரு நாள் டீயை நீட்டும்போது, "அந்தத் தென்காசி மாப்பிள்ளை வேணாம்மா, உனக்கு மனசில்லன்னு சொல்லிடு" என்றேன். அக்கறையில் வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். டீயை வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. மொட்டை மாடியில் டவர் சிக்னல் கொஞ்சம் கிடைக்கும். துணி காயப்போடுவதற்காகப் பகலில் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். மூச்சிரைப்பு உள்ள பெண், பெஞ்சுக்கு இறங்கி வருவதை விட்டுவிட்டு, தினமும் மேலே ஏறி வெயிலில் நின்று பேசத் தொடங்கினாள். எனக்கு அவள் உடம்பைப் பற்றித்தான் கவலை. சாவு நடந்த அன்று காலை கோவிந்தம்மாவிடம் போய், மொட்டை மாடியில் கேபிள் ஓடுகிறது, பெண்கள் மிதித்தால் ஷாக் அடிக்கும், பூட்டிவிடலாம் என்றேன். "நீயே பூட்டிக்கினு சாவிய வச்சிக்க" என்று சொல்லிவிட்டு அவர் ஏதோ வேலையாகத் தண்டலம் போய்விட்டார். நான் போய்ப் பூட்டினேன். மேல் மாடிக்காரர்கள் எல்லாரும் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். பேச்சி மட்டும் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு அறையில் இருந்தாள். அறைக் கதவு சாத்தியிருந்ததால், நான் பூட்டியது அவளுக்குத் தெரிந்திருக்காது.

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் என் திரையில் அவள் போன் தெரிந்தது. மூன்றாம் மாடிப் பெட்டியில் சேரப் பார்த்தது. பெட்டி மறுத்தது. திரும்பவும் பார்த்தது, திரும்பவும் மறுத்தது. அவள் வைஃபையை அணைத்து அணைத்துப் போடுகிறாள் என்று புரிந்தது. அறை நடுவில் நின்று போனைத் தட்டுகிறவள் மாதிரி இருந்தது. அவசரமாக யாரையோ கூப்பிட வேண்டும் அவளுக்கு. ஒரு கிளிக்கில் நான் விட்டிருக்கலாம். மவுசில் கைகூட வைத்தேன்.

விட்டால் பேசிவிட்டு அங்கேயே இருந்துவிடுவாள். விடாவிட்டால் இறங்கி வருவாள். அன்றைக்கு வந்தால் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். பெஞ்சைத் துடைத்தேன். பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினேன். திரும்பி வந்து பார்த்தபோதும் அவள் போன் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கேட்பது நின்றது. சரி, கிளம்பிவிட்டாள் என்று எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

டீ ஆறிப்போயிற்று. ஷிப்டு முடிந்து மெர்சி மேலே போய்க் கத்தியபோதுதான் ஓடினேன். தூக்கிக்கொண்டு இறங்கிய பிறகு, மறக்காமல் என் அறைக்கு வந்து அவள் போனுக்குப் போட்டிருந்த கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். மொட்டை மாடிப் பூட்டையும் எடுத்துவிட்டேன். அதனால்தான் நீங்கள் வந்து பார்த்தபோது கதவு திறந்திருந்தது, அவள் போனுக்கு மூன்றாம் மாடியில் நெட்டும் நன்றாக வந்தது. உங்கள் மேல் பிழையில்லை, மேடம்.

ஆக, ஆளில்லாததால் நடந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதை அடித்துவிட வேண்டும். ஆள் இருந்தது. நான் இருந்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நெட்டைக் கொடுக்காதது நான், கதவைப் பூட்டியது நான், அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்ததும் நான். இதற்கு என்ன பிரிவு உண்டோ போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அதில் வருத்தமில்லை.

இன்னொன்று இருக்கிறது. மொட்டை மாடிக் கதவை ஒட்டிய கடைசிப் படியில், கதவைப் பார்த்துக் கிடந்தாள் என்று மெர்சி சொல்லியிருக்கிறாள், நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். மெர்சி சின்னப் பெண், பயத்தில் சொன்னது. மூச்சு அடைக்கும்போது எது மேலே எது கீழே என்று யாருக்குத் தெரியும். அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், மேடம். பேச்சி என்னிடம்தான் வந்துகொண்டிருந்தாள்.