வடக்குக் கயிறு

இராணுவ ஹெலிகாப்டர் வருகிறது. தாழ்வாக. தடதடவென்று கடல்மேல் வருகிறது. எண்பத்தைந்தாம் வருஷம், ஆடி மாதம். மன்னார்க் கரை. கரையில் நின்று கரைவலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் இழுத்துக்கொண்டிருக்கிறோம். வெயில் இன்னும் ஏறவில்லை.

"கயித்தை விடுங்கோ! ஓடுங்கோ!"

கத்தியது நான். தெற்குக் கயிற்றில் இருந்தேன். தூரத்தில் வடக்குக் கயிறு. அங்கே என் தம்பி சூசை. இடுப்பு வாரைப் பெருங்கயிற்றில் சுற்றிக்கொண்டுதான் இழுப்போம். நாங்கள் கழற்றிவிட்டோம். அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. துப்பாக்கிச் சூடு முதலில் விழுந்தது அங்கேதான். நான் தாழம்புதருக்குள் கிடந்தேன். பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

இப்போது வைகை அணைப் பக்கம் அகதி முகாம். ஆண்டிபட்டியிலிருந்து ஒரு டீச்சர் டேப்ரெக்கார்டரோடு வந்தார். அவரவர் ஊர்ச் சத்தத்தை அவரவரே தரவேண்டுமாம். எல்லாவற்றையும் சேர்த்து அணைப் பூங்காவில் ஒலிபெருக்கியில் போடுவார்களாம்.

"ஆண்டிபட்டிக்காரக தறிச் சத்தம் குடுத்தாக. ஓடைப்பட்டிக்காரக திராட்சைத் தோட்டத்துல குருவி விரட்டுற தகரத்தைத் தட்டிக் குடுத்தாக. நீங்களும் இங்கனதான இருக்கீக. உங்க ஊருச் சத்தமும் வேணும்."

அம்மாவுக்குத்தான் அவ்வளவு ஆசை. ஒரு தடவை ஊரைக் காதால் கேட்டால் போதும் என்றாள். அவளுக்காகச் சம்மதித்தேன். வலைப்பாட்டு. எங்கள் கரையில் தெற்குக் கயிறு கூப்பிடும். வடக்குக் கயிறு பதில் சொல்லும். அப்போதுதான் வலை கோணாமல் வரும்.

தண்ணீர் இறைக்கும் கயிற்றைப் பிடித்தோம். பழக்கதோஷம். மிஞ்சியிருந்த ஏழு பேரும் தெற்குப் பக்கமே போய் நின்றுவிட்டோம். டேப் சுற்றுகிறது.

"ஏலேலோ..." என்றேன்.

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். டேப்பின் கிர்ரென்ற சத்தம் மட்டும். நாங்கள் ஏழு பேருமே தெற்குக் கயிறு. பதில் சொல்வது எங்கள் பங்கே இல்லை.

டீச்சரோடு வந்திருந்த தறிக்காரருக்குப் பொறுக்கவில்லை. தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே, என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க! அந்தப் பக்கம் போயிப் புடிங்கடா!"

ஓடிப்போய்ப் பிடித்தார்கள். "ஐலசா!" என்றார்கள். உரக்க. மனசாரச் சொன்னார்கள். நல்ல மனிதர்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். "நிப்பாட்டச் சொல்லடா. இது எங்கட கரை இல்லை."

நான் நிறுத்தச் சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன்.

அந்த ஆடி மாதத்துக் கணக்கை எழுதி வையுங்கள். ஒரு வள்ளம் எரிந்தது. ஒரு வலை போனது. வடக்குக் கயிற்றில் ஒன்பது பேர். ஆறு பேரைப் புதைத்தோம். மூன்று பேரை வலையோடு கடல் கொண்டுபோனது. அதில் ஒருவன் சூசை. பத்தொன்பது வயது.